நியாயமான ஓட்டம்

பழைய கார்களை நம்பி வாங்க முடியவில்லை என்று பொதுமக்களிடமிருந்து தொடர்ந்து புகார் வந்துகொண்டிருந்ததால், அரசு அது குறித்து ஆழ்ந்து பரிசீலித்து, பதினேழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. குழுவில் ஒருவரிடமும் பழைய கார் கிடையாது. அப்போதுதான் விருப்பு வெறுப்பில்லாமல் ஆராய முடியும் என்று அரசு கருதியது. குழு இரண்டு வருடம் உட்கார்ந்தது. நடுவில் எழுந்து வெளிநாடு போய், அங்கேயும் உட்கார்ந்துவிட்டு வந்தது. கடைசியில் அறிக்கை கொடுத்தது: பழைய கார்களில் பொய் இருக்கிறது. அந்தப் பொய் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டுகிற சின்னக் கண்ணாடிக்குள் இருக்கிறது.

இதற்கு இரண்டு வருடம் தேவையே இல்லை. டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற தெருவுக்கு வந்து யாரைக் கேட்டிருந்தாலும், ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்கள். அந்தத் தெருவில் பழைய கார் வியாபாரிகள் ஒன்பது பேர். அதில் எட்டுக் கடையில் நிற்பது டாக்டர் ஓட்டின வண்டி. "வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. வேற எங்கயும் போகலை சார்." எண்ணிப் பார்த்தால் ஊரில் நோயாளிகளைவிட டாக்டர்கள் அதிகம் இருந்திருக்க வேண்டும். அத்தனை டாக்டர்களையும் உற்பத்தி செய்தவன் ஒரே ஆள். ஊசி என்று கூப்பிடுவார்கள். மீட்டரில் நம்பர் சக்கரம் இருந்த காலத்தில் ஊசியை விட்டு நெம்பி அதைப் பின்னால் தள்ளியவன். இப்போது தோள்பையில் லேப்டாப்போடு வருகிறான், கால் மணி நேரத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டரை ஊதித் தள்ளிவிட்டுப் போகிறான். பெயர் மட்டும் ஊசியாகவே நின்றுவிட்டது.

தெருவின் கடைசிக் கடைக்கு மட்டும் ஊசி போனதில்லை. பதினோரு வண்டியும், தகரக் கூரை போட்ட ஓர் ஆபீஸ் அறையும் அந்தக் கடையின் மொத்த சாம்ராஜ்யம். கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் சாக்பீஸ். ஒரு வண்டி உள்ளே வந்தால் அவர் செய்கிற முதல் வேலை, மீட்டரில் இருக்கிற நம்பரைப் பார்த்து முன்கண்ணாடியில் சாக்பீஸால் ஒரு சாண் உயரத்துக்கு எழுதுவது. இரண்டு லட்சம் என்றால் இரண்டு லட்சம். மழையில் அழிந்தால் மறுபடி எழுதுவார்.

இதை யாரும் ஒழுக்கம் என்று சொல்லவில்லை. தொழில் தெரியாதவர் என்றுதான் சொன்னார்கள். மற்றபடி அவரும் வியாபாரிதான். இருமுகிற இன்ஜினை "காலையில மட்டும் கொஞ்சம் சோம்பேறி" என்பார். மறுபெயின்ட் அடித்த கதவை "ஒரிஜினலுக்கு ரொம்பப் பக்கம்" என்பார். பதினோரு வண்டிக்கும் சேர்த்து நாலு பேட்டரிதான் வைத்திருந்தார். ஆள் வருவது தெருமுனையில் தெரிந்தால், அவர் எந்த வண்டியைப் பார்ப்பார் என்று முகத்தை வைத்தே ஊகித்து, ஓடிப்போய் அதில் பேட்டரியை மாட்டிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார், எல்லாம் ரெடியா இருக்கு" என்பார். இதிலெல்லாம் அவருக்குக் கூச்சம் கிடையாது. மீட்டர் மட்டும்தான் விலக்கு.

அதற்குக் காரணம் அவர் மனைவி. கல்யாணமான மூன்றாவது வாரம், அவர் ஆசை ஆசையாக வாங்கிய முதல் கார், முப்பத்தோராயிரமே ஓடிய டாக்டர் வண்டி, நெடுஞ்சாலையில் புகை கக்கி நின்றது. இன்ஜினைத் திறந்து பார்த்த மெக்கானிக், "டாக்டரா? இது பூமியை நாலு சுத்து சுத்தின வண்டி" என்றான். நல்ல வெயிலில் புதுப்பெண் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்தாள். வீட்டுக்கு வந்து காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "வியாபாரம்னா நாலும் பேசித்தான் ஆகணும், புரியுது. ஆனா அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கிற நம்பர்ல மட்டும் கை வைக்காதீங்க. அதை நம்பித்தான் ஒருத்தன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு ரோட்டுல இறங்கறான்." அன்று பிடித்த சாக்பீஸ். பத்தொன்பது வருடமாகிறது.

வருகிறவர்கள் முன்கண்ணாடியைப் பார்ப்பார்கள், "அய்யோ, இவ்வளவா!" என்று நெஞ்சில் கை வைப்பார்கள், பக்கத்துக் கடைக்குப் போவார்கள். பக்கத்துக் கடைக்காரர் பெயர் பாலிஷ். தரையில் கிடக்கிற கல்லைக்கூடத் துடைத்து மினுக்கி வைப்பவர். அங்கே அதே வயசில், அதே நிறத்தில், நாற்பத்தெட்டாயிரமே ஓடிய ஒரு டாக்டர் வண்டி காத்திருக்கும். சாக்பீஸ் கடையிலேயே நிற்கிறவர்களில் பாதிப் பேர், டெஸ்ட் டிரைவ் என்று சாவியை வாங்கி, மாமியாரை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வந்து, "பிரேக் கொஞ்சம் ஹார்டா இருக்கு" என்று சாவியைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள்.

இந்த நிலையில்தான் குழுவின் பரிந்துரைப்படி, பயன்படுத்திய வாகன உண்மைத்தன்மை இயக்ககம் திறக்கப்பட்டது. இனி ஒவ்வொரு பழைய காருக்கும் உண்மைச் சான்று வாங்க வேண்டும். மீட்டர் திருத்தப்பட்ட வண்டிக்குச் சான்று கிடையாது. நாற்பத்தைந்து நாளுக்குள் கடையில் நிற்கிற எல்லா வண்டிக்கும் சான்று வாங்காத வியாபாரியின் உரிமம், வேறு அறிவிப்பு எதுவுமின்றித் தானாகவே காலாவதியாகும்.

சாக்பீஸ் சுற்றறிக்கையை மூன்று தடவை படித்தார்.

"பார்த்தியா? பத்தொன்பது வருஷம் கழிச்சு கவர்மெண்ட்டே நம்ம வழிக்கு வந்திருக்கு!"

மனைவி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அதை ஒரு தடவை படித்தாள். கடையின் ஃபைல், சாவி, ரசீது எல்லாம் அவள் பொறுப்பு.

"கவர்மெண்ட் நம்ம வழிக்கு வருதுன்னா, நாம ஓரமா நின்னுக்கறது நல்லதுங்க. ஏத்திடப் போறாங்க."

"உனக்கு எதுலயும் சந்தேகம். பாலிஷ் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு மட்டும் பாரு."

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு, பதினோரு வண்டியின் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு இயக்ககத்துக்குப் போனார். ஏழாம் எண் கவுன்ட்டர். சரிபார்ப்பு அலுவலர் நிதானமான மனிதர். பேனாவின் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால்கூட ஒரு முறை யோசிப்பார்.

"முதல் வண்டி. வயசு?"

"ஆறு வருஷம் சார். நீல வண்டி."

"நிறம் தேவையில்லை. ஓட்டம்?"

"ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து முந்நூத்து இருபது."

அலுவலர் அடித்தார். கம்ப்யூட்டர் யோசித்தது. திரை சிவந்தது.

"நிராகரிப்பு. மீட்டர்ல கை வெச்சிருக்கீங்க."

"நானா?"

"வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர். அட்டவணையில இருக்கு. இதுதான் நியாயமான ஓட்டம். பத்து சதவீதம் கூடக் குறைய இருந்தா ஏத்துக்கலாம். ஆறு வருஷ வண்டி அறுபதாயிரம் ஓடியிருக்கணும். உங்க வண்டியில ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரத்து முந்நூத்து இருபது கிலோமீட்டர் கூடுதலா சேர்க்கப்பட்டிருக்கு."

"சேர்க்கலை சார், ஓடியிருக்கு!"

"எங்கே ஓடியிருக்கு?"

"ரோட்டுல."

"எந்த ரோட்டுல?"

சாக்பீஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சார், நீங்களே சொல்லுங்க. மீட்டர்ல கை வைக்கிறவன் குறைப்பான். உலகத்துல எவனாவது ஏத்துவானா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் அலுவலர். "ஏன் ஏத்தினீங்க?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் இருந்திருக்காது. அலுவலர் 'விளக்கம் அளிக்கத் தவறினார்' என்று குறித்துக்கொண்டார். பத்து வண்டி இதே மாதிரி விழுந்தது. சில வண்டி டாக்ஸியாக ஓடியது, சில வண்டி ஊர் ஊராகச் சுற்றிய விற்பனைப் பிரதிநிதிகளுடையது. ஒன்றும் நியாயமாக ஓடியிருக்கவில்லை. அடுத்த கவுன்ட்டரில் பாலிஷின் வண்டிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டிருந்தன. ஊசி எப்போதும் வருஷத்துக்குப் பத்தாயிரம் என்று கணக்கு வைத்துத்தான் குறைப்பான். குழு தன் அட்டவணையைத் தயாரிக்கப் பழைய கார் சந்தையைத்தான் ஆய்வு செய்திருந்தது.

"என்ன அண்ணே, ஒரே சிவப்பா இருக்கு?" என்றார் பாலிஷ், உண்மையான அக்கறையோடு.

பதினோராவது வண்டி கணக்கு டீச்சருடையது. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். விற்றுத் தரச் சொல்லிக் கடையில் நிறுத்தியிருந்தார். எட்டு வருட வண்டி, ஓடியது ஆறாயிரத்து நூற்று நாற்பது. ஓய்வுக்குப் பிறகு அக்காவும் தங்கையுமாக ஊரெல்லாம் சுற்ற வேண்டும் என்று வாங்கிய கார். வாங்கிய நாலாம் மாதம் அக்கா படுத்துவிட்டார். அதன் பிறகு அது வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் மட்டுமே போனது. வேறெங்கேயும் போகவில்லை. தெரு மொத்தமும் இருபது வருடமாகச் சொல்லிவந்த பொய், இந்த ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் அச்சு அசலாக உண்மை. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். டீச்சருக்குக் கண்ணும் மங்கிவிட்டது.

"குறைச்சிருக்கீங்க" என்றார் அலுவலர்.

கூடவே வந்திருந்த டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"நான் போனதே அவ்வளவுதான் தம்பி."

"அட்டவணைப்படி நீங்க எண்பதாயிரம் போயிருக்கணும் மேடம்."

"எண்பதாயிரம் கிலோமீட்டர் நான் எங்கே போனேன்?"

"அதை நாங்க கேக்கலை மேடம்."

திரும்பி வரும்போது டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பாலம் தாண்டின பிறகு, யாரிடமென்று இல்லாமல் சொன்னார்: "போயிருக்கலாம்தான்."

சாக்பீஸ் விடவில்லை. நீல வண்டியின் பழைய சொந்தக்காரரைத் தேடிப்பிடித்துச் சாட்சிக்குக் கூட்டிப்போனார். விடிகாலையில் பேப்பர் கட்டுகளை ஊர் ஊராகப் போடுகிறவர். தூக்கம் போதாத கண்ணோடு வந்து நின்றார்.

"தினம் எண்பத்து நாலு கிலோமீட்டர் சார். ஆறு வருஷம். ஒரு நாள் விட்டதில்லை."

"ஞாயிற்றுக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமைதான் சார் பேப்பர் கனம்."

அலுவலர் அனுதாபத்தோடு தலையாட்டினார். "நீங்க சொல்றது ஒரு தனிநபர் கருத்து. அட்டவணை பதினேழு பேர் சேர்ந்து போட்டது. உங்களை நியாயமற்ற உரிமையாளர்னு பதிவு பண்ணிக்கறேன்."

"அதனால எனக்கு ஏதாவது வருமா சார்?"

"பதிவாகும்."

பேப்பர்காரர் அதற்கும் நன்றி சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

"இப்ப நான் என்னதான் சார் பண்ணணும்?" என்றார் சாக்பீஸ்.

"பதட்டமே வேண்டாம். இயக்ககம் யாரையும் தண்டிக்க வரலை, திருத்தத்தான் வந்திருக்கு. கீழ்த்தளத்துல அங்கீகரிக்கப்பட்ட உண்மை மீட்பு மையம் இருக்கு. கட்டணம் கட்டினா மீட்டரை உண்மையான எண்ணுக்குக் கொண்டுவந்துடுவாங்க. அப்புறம் மேலே வந்தீங்கன்னா உடனே சான்று."

கீழ்த்தளத்தில் ஏசி ஓடியது. கழுத்தில் அடையாள அட்டை, கழுத்தை இறுக்கும் டை, எதிரில் லேப்டாப். மேஜைமேல் 'முதுநிலை உண்மை மீட்பு வல்லுநர்' என்று பலகை. அதன் பின்னால் ஊசி உட்கார்ந்திருந்தான்.

"வாங்கண்ணே!" எழுந்து நின்றே விட்டான். "பத்தொன்பது வருஷமா உங்க கடை வாசலைத் தாண்டிப் போறேன். ஒரு நாள் உள்ள கூப்பிட்டதில்லை. கடைசியில உங்களை இங்க கொண்டுவர ஒரு கவர்மெண்ட்டே தேவைப்பட்டிருக்கு பாருங்க."

"நீ எப்படிடா இங்க?"

"அனுபவம் கேட்டிருந்தாங்க அண்ணே. ஊர்லயே எனக்குத்தான் இருந்துச்சு." டையைத் தளர்த்திக்கொண்டான். "ஒரே கஷ்டம், முன்னாடி ராத்திரியில பின்பக்கமா வந்து முடிச்சிட்டுப் போயிடுவேன். இப்ப ஒவ்வொண்ணுக்கும் மூணு காப்பி கையெழுத்து. சரி, முதல் வண்டி எது?"

சாக்பீஸ் வந்த வழியே திரும்பி வந்துவிட்டார்.

நாள் ஓடியது. நாற்பது போய், நாற்பத்தொன்று போய், நாற்பத்திரண்டாவது நாள் மனைவி ஆபீஸ் அறையில் அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"லைசென்ஸ் போச்சுன்னா என்ன ஆகும்?"

"கடையை மூடணும்."

"மூடிட்டு?"

"பதினோரு வண்டியையும் விக்க முடியாது. ஒவ்வொண்ணா ஓட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கலாம். நாலு பேட்டரி இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "நான் சொன்னதுனாலதானே கைகட்டி உட்கார்ந்திருக்கீங்க? நானே சொல்றேன். போய்த் திருத்திட்டு வாங்க."

"அன்னைக்கு அப்படிச் சொன்னே."

"அன்னைக்கு நடக்கறதுக்குக் கால் இருந்துச்சுங்க."

பிறகு எழுந்து, பழைய பச்சை டைரி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் நின்று, கண்ணாடியில் இருந்த சாக்பீஸ் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டாள். பதினொன்றும் எழுதி முடித்து, டைரியை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

நாற்பத்தைந்தாவது நாள் மாலை பதினோரு வண்டியும் பச்சை நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு திரும்பின. பத்து வண்டி இளமையாகிவிட்டது. டீச்சருடையது மட்டும் ஒரே பகலில் எழுபத்து நாலாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்திருந்தது.

மறுவாரம் நோட்டீஸ் வந்தது. நீல வண்டியின் முன்கண்ணாடியில் 1,84,320 என்று எழுதியிருப்பது திடீர் ஆய்வின்போது கண்டறியப்பட்டுள்ளது. சான்றளிக்கப்பட்ட ஓட்டத்துக்கு மாறான எண்ணை எழுத்தாலோ, சொல்லாலோ, சைகையாலோ பொதுமக்களுக்குத் தெரிவிப்பது உண்மைக்கு எதிரான குற்றமாகும். கீழே ஏழாம் கவுன்ட்டர் அலுவலரின் கையெழுத்து.

சாக்பீஸ் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கண்ணாடிகளைத் துடைத்தார். பத்தொன்பது வருடப் பழக்கம், லேசில் போகவில்லை. இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது.

வியாபாரம் என்னவோ ஓகோவென்று நடந்தது. நட்சத்திரம் இருந்தால் போதும், ஜனங்கள் வண்டியின் கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. நட்சத்திரத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சாக்பீஸ் கடையில் உட்கார்ந்திருப்பார், யாரோ செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பனியனும் தொப்பியுமாக ஒருவர் வந்தார். தொப்பியைக் கழற்றியபோதுதான் ஏழாம் கவுன்ட்டர் என்று தெரிந்தது.

"பொண்ணுக்கு ஒரு வண்டி வேணும்" என்றார். நீல வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். டயரை உதைத்தார். அப்புறம் சாக்பீஸின் தோளில் கை போட்டு ஆபீஸ் அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து, தானே கதவைச் சாத்தினார்.

"சான்று கிடக்கட்டும். நிஜமா எவ்வளவு ஓடியிருக்கு?"

"அறுபதாயிரம் சார்."

"அட, என்னங்க நீங்க! வீட்டு மனுஷனா நினைச்சுச் சொல்லுங்க. பொண்ணு தனியா ஓட்டப் போற வண்டி."

"எழுத்தாலோ, சொல்லாலோ, சைகையாலோ…" என்று சாக்பீஸ் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துப் படித்தார்.

"கையெழுத்துப் போட்டவனுக்குத் தெரியாதா? இன்னைக்கு நான் அலுவலர் இல்லை. அப்பன்."

சாக்பீஸ் மனைவியைப் பார்த்தார். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். டிராயரைத் திறந்து, டைரியைப் பிரித்து மேஜைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அலுவலர் ஒரு கணம் யோசித்தார். "நீங்க தெரிவிக்கலை. வாசிக்கிறது நான்தான்" என்று சட்டச் சிக்கலைத் தீர்த்துவிட்டுக் குனிந்தார்.

1,84,320. அவர் முகம் மலர்ந்தது. "இப்பதான் நிம்மதி. இந்த நம்பருக்குத் தகுந்த மாதிரி ஒரு விலை சொல்லுங்க."

"எந்த நம்பர் சார்?" என்றார் சாக்பீஸ். "சட்டப்படி இது அறுபதாயிரம் ஓடின வண்டி. அதுக்கு மேலன்னு யார் சொன்னாலும் குற்றம்."

பல மாதங்களுக்குப் பிறகு அவர் அன்றுதான் சிரித்தார். அலுவலர் அறுபதாயிரத்துக்குரிய விலையைக் கொடுத்துவிட்டு, ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் ஓடிய வண்டியைத் திருப்தியோடு ஓட்டிக்கொண்டு போனார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அரசு அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்தது ஒருவரோடு நிற்காது. அடுத்த ஞாயிறு ஆறாம் கவுன்ட்டர் வந்தார். பிறகு மூன்று, நாலு. அதற்கடுத்த ஞாயிறு இணை இயக்குநர் தன் டிரைவரோடு வந்து, டிரைவரை வெளியே நிறுத்திவிட்டு டைரி பார்த்தார். பிறகு ஊர் வந்தது. முன்வாசலில் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் வந்து, "அந்தப் பச்சை டைரி…" என்று குரலைத் தாழ்த்தினார்கள். உண்மையைக் கேட்கக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்ததால், அதற்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. விசேஷ வீடுகளில் இதே பேச்சு: "சான்றுல நாற்பதாயிரம்தான். உள்ளுக்குள்ள ஒன்றரை லட்சம்! எனக்கு மட்டும்தான் சொன்னார், வெளியில சொல்லிடாதீங்க." ரகசிய நம்பர் இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள முடியாமல் ஓரமாக நின்றார்கள். நம்பர் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெருமை.

பாலிஷ் லேசுப்பட்டவரா? அவர் கடையில் நின்ற வண்டிகளின் நிஜ நம்பர் அவருக்கே மறந்துபோயிருந்தது. ஆனாலும் ஒரு திங்கட்கிழமை அவர் மேஜைமேலும் பச்சை டைரி முளைத்தது. புதன்கிழமைக்குள் ஒன்பது கடையிலும் முளைத்தது. ஸ்டேஷனரி கடையில் பச்சை டைரி தீர்ந்து, நீலத்தை வாங்கிப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். ஊசி ஆபீஸ் முடிந்த பிறகு, சாயங்காலத்தில், ஓரம் மடங்கி, டீக்கறை படிந்து, பத்து வருஷம் பழசாகத் தெரிகிற டைரிகளைத் தயார் செய்து கொடுத்தான்.

"பழையபடி பின்பக்கமா வந்து போறது நிம்மதியா இருக்குண்ணே" என்றான்.

பாலிஷ் இப்போது வருகிறவர்களை உள்ளே இழுத்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "டாக்டர்லாம் இல்லை சார். இது மூணு லட்சம். மலைப்பாதையில ஓடினது" என்று காதில் சொன்னார். ஜனங்கள் கண் கலங்காத குறையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

சாக்பீஸ் கடையில் எல்லாம் போய், டீச்சர் வண்டி மட்டும் நின்றது. டீச்சர் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, ஓரத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த வண்டி போனால்தான் அது நடக்கும்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு இளம் தம்பதி வந்தார்கள். டீச்சர் ஆபீஸ் அறையில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி பிடித்துவிட்டது. கதவைச் சாத்தினார்கள்.

"சொல்லுங்க" என்றான் கணவன், குரலைத் தாழ்த்தி. "சான்றுல எண்பதாயிரம். நிஜம் எவ்வளவு?"

சாக்பீஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். டைரியைத் திறந்தே காட்டினார். "ஆறாயிரத்து நூத்து நாற்பது. சத்தியமா."

"எட்டு வருஷத்துலயா?"

"ஆமா சார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. வேற எங்கயும் போகலை."

கணவன் மனைவியைப் பார்த்தான். மனைவி கணவனைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன சார், இந்தக் காலத்துலயும் காதுல பூ சுத்தறீங்க" என்றாள் அந்தப் பெண். "உங்களை ரொம்ப நேர்மையானவர்னு சொல்லி அனுப்பினாங்க."

"அம்மா, நான் சொல்றது…"

"பரவாயில்லை. பாலிஷ் அண்ணன் கடையில கேட்டுக்கறோம். அவர் உள்ளதை உள்ளபடி சொல்வாராம்."

இருவரும் எழுந்துவிட்டார்கள். டீச்சர் மடியில் இருந்த கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்."

சொன்னது சாக்பீஸின் மனைவி. ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சாக்பீஸ் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"அப்படிச் சொல்லுங்க!" என்று கணவன் மறுபடி உட்கார்ந்தான். "பார்த்தியா? நிஜம் வெளியில வந்ததும் இவருக்கு முகமே மாறிடுது. இவ்வளவு ஓடியிருக்கே, யார் ஓட்டினது?"

சாக்பீஸின் மனைவி பேனாவால் ஓரத்து நாற்காலியைக் காட்டினாள்.

"நீங்களா பாட்டி! அவ்வளவு தூரம் எங்கே போனீங்க?"

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியவர் டீச்சர். கைப்பையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கண்ணாடி வழியே, வெயிலில் நிற்கிற வண்டியைப் பார்த்தார். அப்புறம் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"முதல்ல கடல் பக்கம் போனோம்" என்றார். "நானும் அக்காவும். போக வர அறுநூத்து இருபது."

"அப்புறம்?"

"அக்காவுக்குப் பனி பார்க்கணும்னு ஆசை. வடக்கே, மலை ஏறி, ஐயாயிரத்து நானூறு. வழியில டயர் பஞ்சர். அக்காதான் மாத்தினா. நான் டார்ச் பிடிச்சேன்."

பெண் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். டீச்சர் நிற்கவில்லை. பாலைவனம் போனார்கள், மூன்று தடவை. காட்டுக்குள் வழி தெரியாமல் ஒரு யானைக்கு முன்னால் இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கிலோமீட்டர் சொன்னார். ஒரு மணி நேரம் ஆனது. அந்தத் தம்பதி ஒரு கிலோமீட்டரைக்கூடச் சந்தேகப்படவில்லை.

சாக்பீஸ் பழக்கதோஷத்தில் பச்சை டைரியின் ஓரத்தில் டீச்சர் சொல்லச் சொல்லக் கூட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் டீச்சர் மூச்சு வாங்க நின்றபோது, பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டாயிரத்து நூறு இருக்கு டீச்சர்" என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்.

"தெரியும்" என்றார் கணக்கு டீச்சர். "திரும்பி வீட்டுக்கு வரணும் இல்லையா?"